ஒரு முகத்துக்கு ஒரு பூச்சு

மார்கழி பிறந்ததிலிருந்து உக்கடம் பெரியகுளத்தின் ஓரங்களில் காலையில் பனித்தகடு கட்டிவிடுகிறது. வெயிலைத் தணிக்க வானத்தில் சூரியத்திரை விரிக்கப்பட்ட பிறகு பிறந்த பிள்ளைகள் அதன்மேல் கல்லெறிந்து விளையாடுகிறார்கள். பெரியவர்கள் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு முகப்பூச்சுக் கடையில் வரிசையில் நிற்கிறார்கள்.

நவமணியின் முறை வந்ததும் கடைக்காரி மெஹருன்னிசா ஈரமானியை அவள் கன்னத்தில் வைத்தாள். முள் இடது ஓரத்தில் படுத்துக்கொண்டது. நெற்றிக்கு நகர்த்தியதும் வலது ஓரத்துக்குப் பாய்ந்தது.

"கன்னம் காய்ஞ்ச வரட்டி, நெத்தி வடைச்சட்டி. ரெண்டையும் ஒரே மூஞ்சில வெச்சுட்டு எப்படித்தான் திரியறியோ!"

"கிண்டலை அப்புறம் வெச்சுக்கலாங்க்கா. இன்னிக்கு எதைப் பூசறதுன்னு சொல்லுங்க. போன வாரம் கதவு தள்ளிவிட்டுருச்சு. இன்னொருக்கா தள்ளுச்சுன்னா சித்திரை வரைக்கும் பாப்பாவைப் பாக்க முடியாது."

மெஹர் சிரிப்பை நிறுத்தினாள். நவமணியின் ஆறு வயது மகள் தாரகையின் நுரையீரலுக்குக் குளிர்காற்று ஒத்துக்கொள்வதில்லை. அவளைப் போல நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ரேஸ்கோர்ஸ் வெப்பவளாகத்தில் வளர்கிறார்கள். ஞாயிறுதோறும் பெற்றோர் போய்ப் பார்க்கலாம், வாசலில் இருக்கும் தோல்வாசிப்பான் ஒப்புக்கொண்டால்.

விரல்ரேகையையும் கருவிழியையும் போலியாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு, மனிதருக்கு மிஞ்சிய அடையாளம் தோலின் எண்ணெயும் ஈரமும் பின்னிக் கிடக்கும் விதம்தான். குளிருக்கு ஏதாவது பூசாமல் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது என்பதால், பூசியிருப்பதன் பெயரை வாசலில் சொல்லவேண்டும். கருவி அதைக் கழித்துவிட்டு அடியில் இருக்கும் ஆளைப் படிக்கும். ஒரு முகத்துக்கு ஒரு பூச்சுதான். இரண்டு தென்பட்டால் அது முகமூடி, சட்டப்படி குற்றம்.

"நீர்க்களி பூசினேன். நெத்தி தப்பிச்சுது, கன்னம் வெடிச்சு ஆளே மாறிப்போச்சு. கொழுப்புக் களிம்பு பூசினா கன்னம் நல்லாருக்கும், நெத்தில எண்ணெய் வழியும். நெத்திக்கு அது, கன்னத்துக்கு இதுன்னு பூசினா என்னங்க்கா?"

"அதுதான் சரியான வைத்தியம். எங்கம்மா காலத்துல அப்படித்தான் பூசுவாங்களாம். இப்பப் பூசினா உன்னையும் உள்ள வெச்சுருவாங்க, என்னையும் வெச்சுருவாங்க."

மெஹர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். களிம்பு போலக் கெட்டியுமில்லை, களி போல நீர்த்தும் இல்லை.

"செராமைடு கிரீம். தோலோட சொந்தக் கொழுப்பு மாதிரி, வாசனை இல்லாதது. முகம் கழுவி ஈரம் காயறதுக்குள்ள பூசோணும். கன்னத்துக்கு ரெண்டு தரம். நெத்திக்கும் மூக்குக்கும் கையில ஒட்டிட்டிருக்கறது மட்டும் போதும். கருவி பேரைத்தான் கேக்கும், அளவைக் கேக்காது. பஸ்ல மட்டும் ஏறிராத, ஹீட்டர் சூட்டுல நெத்தி ஊறிரும். நடந்து போ. கன்னத்தை மூடிக்கோ, நெத்தியைத் திறந்து விடு."

கடையின் பின்கட்டில் முகம் கழுவிப் பூசிக்கொண்டு நவமணி நடந்தாள். நெற்றி வலித்து, அப்புறம் மரத்து, அப்புறம் அது தன்னுடையதே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது.

வளாகத்தின் முன்கூடம் வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு முன்னால் நான்கு பேர். முதலில் நின்ற மனிதரைக் கருவி மூன்று தரம் படித்தும் தெளியவில்லை.

"பூச்சு பேரைச் சரியாச் சொல்லுங்க" என்றாள் காவலர் சீருடையில் இருந்த இளம்பெண்.

"தேங்காண்ணெய்ங்க. வெறும் தேங்காண்ணெய்க்கு என்னம்மா பேரு வெக்கறது?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நவமணியால் முடியவில்லை. மூக்கின் இரு மருங்கிலும் மெல்லிய கசிவு தொடங்கியிருந்தது. துடைக்க முடியாது. கூடத்துக்குள் முகத்தில் கை வைத்தால் அதுவே தோல்வியாகப் பதிவாகும். கண்களை மூடிக் குளத்துப் பனித்தகட்டை நினைத்துப் பார்த்தாள். நினைப்பு நெற்றியைக் குளிர்விக்கவில்லை.

தேங்காயெண்ணெய்க்காரரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வரிசை நகர்ந்தது. நவமணி பூச்சின் பெயரைச் சொன்னாள். நீல வெளிச்சம் முகத்தில் இறங்கி நெற்றியில் தயங்கியது. மறுபடி மேலே போய் மறுபடி இறங்கியது. கதவு திறந்தது.

தாரகை சந்திப்பறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எதிர் நாற்காலிக்கும் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. நவமணி கையை விரித்துக்கொண்டு வேகமாகப் போனதும் குழந்தை பதறிப் பின்னால் சாய்ந்தாள்.

"கோட்டைத் தாண்டாதம்மா! என் எண்ணெய் உன் மூஞ்சில பட்டுரும். திரும்பிப் போகும்போதும் கதவு பாக்கும்ல?"

"யார் சொன்னா?"

"மிஸ். எங்க எல்லாருக்கும் தெரியும்." அவள் பெரிய மனுஷி போல எதிர் நாற்காலியைக் காட்டினாள். "அங்க உக்காரு."

நவமணி உட்கார்ந்தாள். விழுந்த பல்லைப் பற்றியும் பிடிக்காத உப்புமாவைப் பற்றியும் குழந்தை நிறையப் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, உன் கன்னம் எப்படி இருக்கும்? பக்கத்துக் கட்டில் ரூபிணி சொல்றா, அம்மாங்க கன்னம் ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்குமாம். மறந்துட்டேன்மா. நீயே சொல்லு."

நவமணி சொல்லப் பார்த்தாள். சுவரில் இருந்த கேமராவை ஒருமுறை ஏறிட்டாள். சித்திரைக்கு இன்னும் எத்தனை ஞாயிறு என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு எழுந்து கோட்டைத் தாண்டினாள்.

"வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அவள் கன்னத்தில் புதைந்து அடங்கியது. குழந்தையின் உடம்பு முதலில் விறைத்தது. அப்புறம் இரண்டு கைகளும் அவள் கழுத்தைச் சுற்றி இறுகின.

"சில்லுன்னு இல்லவே இல்ல," என்றாள் தாரகை. "சுடுது."

வெளிவாசலில் நீல வெளிச்சம் இறங்கியது. இந்த முறை அது தயங்கவில்லை. காவலர் பெண் திரையைப் பார்த்தாள், நவமணியைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

"தனியாத்தானேங்க வந்தீங்க?"

"ஆமாங்க."

"ரெண்டு பேர்னு காட்டுது." அவள் குரல் இறங்கியது. "தெரிஞ்சேதான் பண்ணீங்களா? சித்திரை வரைக்கும் உங்க பேரைப் பட்டியல்ல இருந்து நான் எடுத்தாகோணுமே."

"எடுங்கம்மா" என்றாள் நவமணி.

பக்கவாட்டுக் கதவைக் காட்டியும் அவள் உடனே நகரவில்லை. இரண்டு பேர் என்று காட்டிய அந்தத் திரை அணையும்வரை நின்று பார்த்துவிட்டு, கன்னத்தில் கம்பளியைப் போர்த்தாமலே குளிருக்குள் இறங்கினாள்.