மேல் தாடைக்கு ஓர் அச்சு

மனித நாகரிகம் நெருப்பிலோ சக்கரத்திலோ தொடங்கவில்லை. மனிதன் தன் பற்களைப் பேணத் தொடங்கிய நாளில்தான் தொடங்கியது. பல் மருத்துவர் சங்கத்தின் தலைவர், அன்று மாலை தமக்கு நடக்கவிருந்த பாராட்டு விழாவில் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பதாக இருந்தார். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தார். 'தொடங்கியது' என்ற இடத்தில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடின.

ஆகவே அந்த ஞாயிறு மதியம், தம் கிளினிக்கின் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிப் பூட்டிவிட்டு, நோயாளியின் நாற்காலியில் அவரே சாய்ந்திருந்தார். ஆடும் பற்களைப் பின்னாலிருந்து தாங்க ஒரு தகடு செய்தாக வேண்டும். அதற்கு மேல் தாடையின் அச்சு வேண்டும். இன்னொரு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறப்பதா? அதைவிட நடுத்தெருவில் கால்சட்டை கழன்று நிற்கலாம்.

அச்செடுக்கும் மாவைக் குழைத்து, தாடை வடிவ ட்ரேயில் நிரப்பி, மேல்வாயில் ஏற்றி அமுக்கினார். மிச்ச மாவை, எல்லாப் பல் டாக்டர்களும் செய்வதுபோல, உருண்டையாக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கையில் இருப்பது இறுகினால் வாயில் இருப்பதும் இறுகிவிட்டது என்று பொருள்.

கையில் இருந்தது கல்லாக இறுகிவிட்டது. வாயில் இருந்தது இறுகவில்லை.

மாவு விற்ற கம்பெனியை மனத்துக்குள் வைதபடி காத்திருந்தார். புதினா வாசத்தோடு வெதுவெதுப்பாக அது அண்ணத்தில் படர்ந்து, பல் இடுக்குகளுக்குள் நுழைந்து, அவசரமே இல்லாமல் தொண்டைப் பக்கம் நகர்ந்தது. எச்சில் கடைவாயில் வழிந்து காலரை நனைத்தது. கொப்பளிக்கும் தொட்டியில் எங்கோ நீர் சொட்டியது. அணைத்து மாட்டியிருந்த உறிஞ்சுகுழாய் ஒருமுறை 'கொர்ர்' என்று செருமிவிட்டு அடங்கியது.

பிறகு, ஒரே நொடியில், எல்லாம் இறுகியது.

ட்ரேயின் பிடியைப் பற்றி இழுத்தார். அசையவில்லை. பற்கள் நான்கும் ஈறோடு சேர்ந்து விண்ணென்றன. அப்போதுதான் உறைத்தது: மெழுகு! பல் இடுக்குகளை மெழுகால் அடைத்த பிறகே அச்செடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவு இடுக்கில் புகுந்து ட்ரேயைப் பூட்டிவிடும். "பொண்டாட்டிய மறந்தாலும் மெழுக மறக்காதீங்கடா" என்று ஆண்டுதோறும் மாணவர்களைச் சிரிக்கவைப்பவர் அவர்தான்.

இதற்கு முன்பும் ஒருமுறை மறந்திருக்கிறார். ஒரு பாட்டு டீச்சருக்கு. அன்று நாற்காலிக் கைப்பிடியில் முழங்காலை முட்டுக்கொடுத்து அவர் இழுத்த இழுப்பில், டீச்சரின் முன்பற்கள் நான்கும் ட்ரேயோடு வந்துவிட்டன. 'அந்த அம்மா தலையை ஆட்டினார், பற்களோ ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன' என்று நீதிமன்றத்தில் சொல்லி ஜெயித்தார். டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொழிலின் மானத்தைக் காத்த அந்த வெற்றிக்குத்தான் இன்றைய விழா. சாட்சியாகக் காட்டிய நான்கு பற்களும் சீசாவில், இதே அறையின் மேசை இழுப்பறையில் இருந்தன.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கிளம்பிட்டீங்களா?"

"ம்ம்ம்! ம்ம்!"

"ம்ம்னா? கிளம்பியாச்சா, இல்லையா?"

"ம்ம்ங்! ங்ங!"

"ஆரம்பிச்சிட்டீங்களா? வீட்ல பேசணும்னா மட்டும் வாய்க்குப் பூட்டு. மேடையில மைக்க விட மாட்டீங்க. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"ம்ம்ம்ம்!"

"சரி சரி, கத்தாதீங்க. நான் நேரா மண்டபத்துக்கே போயிடறேன். அங்க வந்தாவது சிரிச்ச முகமா இருங்க."

போன் ஓய்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலி மெல்ல முனகிக்கொண்டு பின்னால் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. கால் தலைக்கு மேலே போயிற்று. அதை இயக்கும் மிதி தரையில் இருந்தது. அவர் கால் தரையில் இல்லை.

விளக்கு எரிந்தது. கண்ணுக்கு நேரே.

தலைக்குப் பின்னால் சக்கர ஸ்டூல் உருண்டு வந்து நின்றது. நோயாளிகளுக்கு ஒருபோதும் தெரியாத அந்த இடத்தில்.

"மூக்கால மூச்சு விடுங்க."

அவருடைய குரல்தான். அவர் வாயிலிருந்து வரவில்லை.

"அசையாதீங்க. ஒண்ணும் ஆகாது."

கைப்பிடியில் ஒரு முழங்கால் முட்டியது. ட்ரேயை யாரோ பற்றினார்கள். அவருடைய இரண்டு கைகளும் நாற்காலியைப் பிடித்திருந்தன.

இழுப்பு.

டக். டக். டக். டக்.

வாய் காலியானது. வலியில்லை. விளக்குக்குக் கீழே ட்ரே வந்து நின்றது. மாவில் நான்கு பற்கள் பதிந்திருந்தன. பதறிப்போய் நாக்கால் துழாவினார். அவருடையவை நான்கும் அங்கேயே இருந்தன. ஆடிக்கொண்டு.

ட்ரேயில் இருந்தவை சின்னப் பற்கள். ஒன்றின் ஓரத்தில் வெள்ளை அடைப்பு. அவர் கையாலேயே அடைத்தது.

மேசை இழுப்பறைக்குள் ஒரு சீசா உருண்டது. வெறும் சீசாவின் ஓசை.

"அச்சு சரியா விழல. இன்னொரு தடவ எடுத்துடலாம்."

கிண்ணத்தில் மாவு குழைபடும் சத்தம். சளக். சளக். புதினா வாசம். ட்ரே மறுபடி வந்தது. புது மாவு விளிம்புவரை தளும்பியது. அதன் நடுவே அந்த நான்கு பற்களும் அப்படியே நின்றன. நுனி மேலே. அவர் வாயைப் பார்த்து.

"நல்லா திறங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

திறந்தார்.

விளக்கு குனிந்து நெருங்கியது. பிறகு சற்றே பின்வாங்கியது.

பற்கள் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், தலைவர் பல் துலக்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.