முள்ளெலிக்குள் பத்து கிராம்

"என் முள்ளெலியை யாரோ திறந்திருக்காங்க" என்று செட்ரிக் சொன்னதும், பரிசோதகர் ஹெஸ்டர் குவில் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

மார்ல்டன் விளையாட்டுக் கூடத்தில் ரோபோச் சண்டை தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. செட்ரிக்கும் அவர் மனைவி வினிஃப்ரெடும் சேர்ந்து கட்டியது முள்ளெலி. முன்னால் சுழலும் எஃகு உருளை, உடலைவிட உயரமான இரண்டு சக்கரங்கள், கவிழ்ந்தாலும் ஓடும். கடவுள் வினிஃப்ரெடை அழைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. இன்றும் செட்ரிக் பிளாஸ்க்கோடு இரண்டு குவளைகள் கொண்டுவந்திருந்தார்.

"திருகு மேல அவளோட நகப்பூச்சால கோடு போட்டு வைப்பேன். கோடு விலகியிருக்கு. செஞ்சவனைக் கண்டுபிடிச்சு வெளியே அனுப்புங்க. இல்லேன்னா இன்னையோட இதைத் தலைமுழுகிடுறேன்."

அனுமதியின்றி அடுத்தவர் ரோபோவைத் தொட்டவருக்கு எந்தக் களத்திலும் மறுபடி இடமில்லை என்பது விதி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் எடை பார்க்கும் ஆல்ஃப், குரலைத் தாழ்த்தி. "அடுத்த சண்டை டியூடரோட. மேசையும் பக்கத்து மேசை."

பக்கத்து மேசையடியில் டியூடர் ப்ரைஸ், மூட்டுவலிக்காகப் பச்சை நுரைப்பஞ்சு விரிப்பில் மண்டியிட்டு, தலை நிமிராமல் வேலை பார்த்தார். விரிப்பின் ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தது. வினிஃப்ரெடை அடக்கம் செய்த மறுமாதம் முள்ளெலியைத் தோற்கடித்தவர் அவர். அன்றிலிருந்து செட்ரிக் அவரிடம் ஒரு திருகுகூட வாங்கியதில்லை; பேசியதும் இல்லை.

"திறந்து பாத்துடலாமா?" என்றார் ஆல்ஃப்.

"முதல்ல நிறு" என்றார் ஹெஸ்டர்.

காலையில் பதின்மூன்று கிலோ ஐந்நூற்று எண்பது கிராம். இப்போது பத்து கிராம் கூடுதல்.

"கெடுக்க வந்தவன் எதையாவது பிடுங்குவான், அறுப்பான். இவன் எதையோ வச்சுட்டுப் போயிருக்கான்" என்றார் ஹெஸ்டர். "செட்ரிக், உங்க சண்டைக் குறிப்பேட்டைக் குடுங்க."

பத்தொன்பது சண்டைகள். பதினான்கு வெற்றி, ஒரு தோல்வி, எல்லாம் வினிஃப்ரெடின் கையெழுத்தில். பிறகு செட்ரிக் எழுதிய நான்கு வரிகள்: 'கவிழ்ந்தது. நின்றது. தோல்வி.'

"கவிழ்ந்தாலும் ஓடுற வண்டி நாலு தடவையும் கவிழ்ந்ததும் ஏன் நிக்கணும்? உள்ள ஏதோ ஆடி, மின்சாரம் அறுந்திருக்கு. அவங்க ஒவ்வொரு சண்டைக்கும் கீழே 'பஞ்சு புதிது'ன்னு எழுதியிருக்காங்களே, பாக்கலியா?"

"அது கடைச் சாமான்னு நினைச்சேன்" என்றார் செட்ரிக். "எதை எழுதினாலும் ஓரத்துல சாமான் பட்டியலும் எழுதுவா."

சொல்லும்போதே அவருக்கு நினைவு வந்தது. அவள் போன பிறகு ரோபோவைக் கழற்றித் துடைத்தபோது, எண்ணெய் ஊறிய ஒரு நுரைப்பஞ்சுத் துண்டைக் குப்பையில் போட்டிருந்தார்.

ஹெஸ்டர் மூடியைத் திறந்தார். மின்கலத்தின் இணைப்பு அசையாதபடி, பச்சை நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்று கச்சிதமாகச் செருகப்பட்டிருந்தது. செட்ரிக் தேவாலயத்தில் நிற்பவரைப் போலத் தொப்பியைக் கழற்றினார்.

ஹெஸ்டர் டியூடரின் விரிப்பைப் பார்த்தார். டியூடர் மெல்ல எழுந்தார்.

"ஏழு வருஷம் பக்கத்து மேசையில இருந்து வினிஃப்ரெட் பஞ்சு வைக்கிறதப் பாத்திருக்கேன். போன தடவை நீ கவிழ்ந்து நின்னப்பதான் புரிஞ்சுது. சொன்னா நீ கேட்டிருப்பியாய்யா? நான் வச்ச டீயையே தொடாதவன் நீ. செத்துக் கிடக்கிற வண்டிய ஜெயிச்சு எனக்கு என்ன பெருமை?"

ஹெஸ்டர் புகார்த் தாளை எடுத்தார். "யார் திறந்ததுன்னு எழுதட்டும்?"

செட்ரிக் முள்ளெலியின் மூடியைத் திரும்ப வைத்து அழுத்தினார்.

"நான் கேட்டுக்கிட்டதால டியூடர் திறந்தார்னு எழுதுங்க" என்றார். "ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்."

ஹெஸ்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சண்டையில் முள்ளெலி இரண்டு முறை கவிழ்ந்தது. இரண்டு முறையும் ஓடியது. மூன்று நிமிடமும் தாக்குப்பிடித்து, நடுவர்களின் கணக்கில் தோற்றது.

இரண்டாவது குவளையில் தேநீர் ஊற்றி டியூடரிடம் நீட்டினார் செட்ரிக்.

"சர்க்கரை எங்கய்யா?"

"ஜெயிச்சவனுக்குச் சர்க்கரை வேற கேக்குதா?"

பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: 'தோல்வி. கவிழ்ந்தும் ஓடியது.' அதன் கீழே, வினிஃப்ரெட் எழுதும் இடத்தில்: 'பஞ்சு புதிது.'