சிப்பி உதிர்ந்த நங்கூரம்

மீஞ்சூர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டும் லாரியின் பிரேக் டிரம் ஒன்றும் குட்டி யானை வண்டியில் வந்து இறங்கியபோது, கீதாவின் வீட்டு முன்னால் பாதி ஊர் கூடிவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். ஒரு பெண்பிள்ளை உலை போடப் போகிறாள் என்றால் சும்மாவா?

"இன்னாமே, மீன் குழம்பு வெச்சி சலிச்சிப்போச்சா? இரும்பக் காய்ச்சப் போறியா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். கீதா தன் புருஷன் திருவேங்கடத்தை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தண்டவாளத்தைப் பின்புறத் தகரக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டாள்.

அது அவள் அண்ணன் எல்லப்பனின் கொட்டகை. வலையும் துடுப்பும் வைத்திருந்தான். போன மழைக்காலத்தில் அவன் ஏரியில் மூழ்கிப் போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. அன்று அவனும் கூட்டாளி கங்காதரனும் ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்துப் பக்கம் வலை போட்டிருந்தார்கள். காற்று கிளம்பியது. நங்கூரத்தின் வளையம் அறுந்துவிட்டது, படகு மணல் திட்டில் மோதிக் கவிழ்ந்தது என்று, நீந்தித் தப்பி வந்த கங்காதரன் சொன்னான். படகு ஒதுங்கியது. எல்லப்பன் உடம்பு கிடைக்கவே இல்லை. குளிப்பாட்டி மாலை போட ஒரு உடம்பு இல்லாமல், கீதா அவன் சட்டை ஒன்றை வைத்து அழுது முடித்தாள்.

அழுது முடித்தபின் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வளையத்தை ஒழுங்காக ஒட்டத் துப்பில்லாத எவனோ ஒரு வெல்டரால் தன் அண்ணன் போனான் என்ற கோபம். அது யாரென்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் இந்த ஊரில் இனிமேல் யாரும் கடை நங்கூரத்தை நம்பிப் போகக் கூடாது, நானே அடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். அவள் பிடிவாதம் அப்படி. திருவேங்கடமும் தடுக்கவில்லை. எல்லப்பன் பேச்சு வந்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான். துக்கம் தாங்கவில்லை என்று கீதா நினைத்துக்கொண்டாள்.

தண்டவாளத் துண்டு பட்டடைக்கல்லானது, பிரேக் டிரம் அடுப்பானது. அதன் அடியில் ஒரு குழாய், குழாயின் வாயில் கரண்ட் ஊதுகுழல், மேலே வேலிக்காத்தான் கரி. செல்போன் வீடியோவில் எவனோ வெள்ளைக்காரன் வெண்ணெய் மாதிரி வளைத்த இரும்பு, கீதாவின் கையில் முரண்டு பிடித்தது. ஆணி செய்யலாம் என்று அடித்தால் இறால் மாதிரிச் சுருண்டது. கொஞ்சம் அசந்தால் நெருப்பிலேயே மத்தாப்பு போலப் பொறி விட்டு உருகிப் போனது. கை முழுக்கக் கொப்புளம். இரும்பு எந்த அளவு காய்ந்திருக்கிறது என்பதை நிறம்தான் சொல்லும், அந்த நிறம் வெயிலில் தெரியாது. அதனால் பட்டப்பகலில் கதவைச் சாத்தி, தகர ஓட்டைகளில் சாக்கை அடைத்து, கொட்டகையைக் கும்மிருட்டாக்கிக்கொண்டு அவள் வேலை செய்தாள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே உலையின் சிவப்பைத் தவிர ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியிருக்கும்போதுதான் பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி ஒரு நங்கூரத்தைக் கொண்டுவந்தாள். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவள். காலில் இடித்ததாம். நாலு கொக்கியும் தண்டும் தெரியாத அளவுக்குச் சிப்பி அப்பிக் கிடந்தது.

"மஞ்சத்தண்ணி தெளிச்சி முகத்துவாரத்துலயே உட்டுடலாம்னு எட்தாந்தேன்க்கா. கல்லாட்டம் கனக்குது. செத்த நேரம் இங்க வெச்சிட்டுப் போறேன்."

"எதுக்கு உடணும்? எனக்கு நல்ல இரும்பு கெடைக்காம அல்லாடிகினு கீறேன். குடு."

சாமுண்டீஸ்வரி முகம் மாறியது. "இன்னாக்கா, தெரியாத மாதிரி பேசற? ஏரி அடியிலேர்ந்து வந்த இரும்ப நெருப்புல வெக்கக் கூடாது. வெச்சா அதோட சொந்தக்காரன் தேடிகினு வருவான்."

"வரட்டும். வந்தா டீ போட்டுக் குடுக்கறேன்."

ஏரிக்கரையில் பிறந்தவள் யாரும் சொல்லக் கூடாத பேச்சு அது. கீதா சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நங்கூரத்தை உலையில் வைத்தாள். சிப்பிகள் படபடவென்று வெடித்து உதிர்ந்தன. சுண்ணாம்புக் காளவாய் நாற்றம் எழுந்தது. அது அடங்கியதும் இன்னொரு வாசனை வந்தது. ஏரிச் சேற்றின் வாசனை. அதற்கும் அடியில், மெல்ல, வேப்பெண்ணெய் வாசனை.

எல்லப்பன் தலைக்கு வேப்பெண்ணெய்தான் தேய்ப்பான். வீட்டில் வேறு யாரும் தேய்ப்பதில்லை.

கீதா இடுக்கியால் நங்கூரத்தைப் புரட்டினாள். சிப்பி உதிர்ந்த இடத்தில் அரத்தால் ராவிய அடையாளம் தெரிந்தது. இரண்டு கோடு, குறுக்கே ஒரு கோடு. எல்லப்பன் தன் சாமான்கள் எல்லாவற்றிலும் போடும் அடையாளம்.

அவள் மெதுவாகப் பார்வையை மேலே கொண்டுபோனாள்.

வளையம் அப்படியே இருந்தது.

அறுந்துபோனது என்று கங்காதரன் ஊர் நடுவில் நின்று சத்தியம் செய்த வளையம், ஒரு கீறல் இல்லாமல், முழுசாக, நெருப்பில் சிவந்துகொண்டிருந்தது.

நங்கூரம் முழுக்கச் சிவந்தும் தண்டின் நடுவில் ஒரு சாண் மட்டும் கறுப்பாகவே இருந்தது. கயிறு சுற்றிக் கட்டும் இடம். அங்கே ஈரம் கசிந்தது. நெருப்புக்குள் இருக்கும் இரும்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கரியில் விழுந்தது. கீதா பயந்துபோய் நங்கூரத்தை அப்படியே தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள்.

சொய் என்ற சத்தம் வரவில்லை.

ஆவியும் எழவில்லை.

தொட்டிக்குள்ளிருந்து, மூச்சு முட்டியவன் பேசுவது போல, மெல்லிய குரல் வந்தது.

"இடுப்புல கட்டிட்டாங்க, கீதா."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்கு ஓடினாள். வாசலில் உட்கார்ந்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வடிந்த இடத்தில் வேறொன்று ஏறியது. அண்ணன் நீச்சலில் மீனைத் தோற்கடிப்பவன். காற்றுக்கும் அலைக்கும் அவன் சாகமாட்டான் என்று அவள் அடிமனது அப்போதே சொன்னது. உயிரோடு நங்கூரத்தில் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். போலீஸில் போய் என்ன சொல்வது? இரும்பு பேசியது என்றா?

திருவேங்கடத்திடம்கூட அவள் சொல்லவில்லை. இது தனக்கும் அண்ணனுக்கும் உள்ள கணக்கு என்று வைத்துக்கொண்டாள்.

கங்காதரனே அவளைத் தேடி வந்தான். ஆள் இப்போது செழிப்பாக இருந்தான். ஏரியில் இறால் அதிகம் படும் இடங்களில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். எல்லப்பனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லாததால் அவன் பாடு தங்கை புருஷன் திருவேங்கடத்துக்கு வந்தது. பக்கத்துக் கிராமமான தோணிரேவிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த திருவேங்கடத்துக்கு அதற்குமுன் இங்கே வலை போட உரிமையே கிடையாது. அவன் கங்காதரனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். அந்த வரும்படியில் கங்காதரன் புதுப் படகு வாங்கியிருந்தான்.

"தங்கச்சி, புதுப் படகுக்கு நீயே ஒரு நங்கூரம் அடிச்சிக் குடும்மா. கடைச் சரக்கு வேணாம். எல்லப்பன் கதையாப் பூடும்."

கீதா கொட்டகை வாசலை மறித்து நின்றாள். "அண்ணா, அன்னிக்கு வளையம் எப்டி அறுந்திச்சி?"

"எத்தினி தபா சொல்றது? துருப்புடிச்சிக் கெடந்திச்சி. டப்புனு போச்சி."

"நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்மா."

உள்ளே சுத்தியல் ஒரு முறை தண்டவாளத்தில் விழுந்தது.

கங்காதரன் எட்டிப் பார்த்தான். "உள்ள யாரு?"

"யாருமில்ல. நாளான்னிக்கி வா. அடிச்சி வெக்கறேன்."

அன்று சாயங்காலம் அவள் உலையை மூட்டினாள். பழைய நங்கூரத்தை எடுத்தாள். ஒழுங்காக ஓர் ஆணி அடிக்கத் தெரியாதவள், அன்று அடித்த அடி ஒவ்வொன்றும் சரியான இடத்தில் விழுந்தது. அவள் ஓர் அடி அடித்தால், அவள் கை மேலே போகும் இடைவெளியில் இன்னோர் அடி கேட்டது. அவள் சின்ன அடி. அது பெரிய அடி. ஒவ்வொரு பெரிய அடிக்கும் அவள் முகத்தில் உப்புத் தண்ணீர் தெறித்தது.

அவளுக்குப் பயமே இல்லை. கங்காதரன் சாக வேண்டும். அண்ணன் செத்தது போலவே, மூச்சு முட்டி, மேலே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டும். அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லி அடித்தாள். கறுத்துக் கிடந்த அந்த ஒரு சாணும் இப்போது சிவந்து வழிவிட்டது. எல்லப்பனின் கோடுகளை அவள் அடித்து மறைத்தாள். பொழுது இறங்கும்போது புது நங்கூரம் தயார்.

கங்காதரன் அதைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்து மெச்சிக்கொண்டான். "சும்மா சொல்லக்கூடாது தங்கச்சி, கைகாரிதான் நீ."

"பாத்துப் போடுண்ணா," என்றாள் கீதா.

அவன் செத்தது நல்ல பகலில், இலை அசையாத நேரத்தில், சுற்றிலும் நாலைந்து படகுகள் இருக்கும்போது. ஆள் உயரத்துக்குத்தான் தண்ணீர். நங்கூரத்தை வீசினான். போன கயிறு திரும்பி வந்து அவன் இடுப்பைச் சுற்றியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நின்ற வாக்கிலேயே படகிலிருந்து இறங்கினான். தலைக்கு மேல் ஒரு முழம்கூடத் தண்ணீர் இல்லை. கையை மேலே நீட்டினான், விரல்கள் வெளியே தெரிந்தன. ஆட்கள் குதித்து இழுத்தார்கள். நங்கூரம் அசையவில்லை. கயிற்றை அறுத்து அவனை மேலே கொண்டுவந்தபோது வாய் நிறையச் சேறு. நங்கூரத்தை யாராலும் தூக்க முடியவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

கீதா சாவு வீட்டுக்குப் போய், எல்லாரோடும் சேர்ந்து மாரடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். அண்ணன் போனதிலிருந்து அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை. முடிந்தது என்று நினைத்தாள்.

திருவேங்கடம் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று சொல்லிச் சுவரோரமாகச் சுருண்டு படுத்தான். ஏரிக்குப் போவதையே நிறுத்திவிட்டான். ஒருநாள் சாயங்காலம், முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"கங்காவுக்கு அடிச்ச நங்கூரம், அந்த இரும்பு எங்கேர்ந்து வந்திச்சி?"

"ஏரியிலேர்ந்து."

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அப்போது கொட்டகையில் சத்தம் கேட்டது.

டங்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

டங்.

பெரிய அடி மட்டும். இடையில் விழ வேண்டிய சின்ன அடி இல்லை.

கீதா போய்க் கதவைத் தள்ளினாள். உலை எரிந்துகொண்டிருந்தது. மாலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை, ஆனாலும் ஊதுகுழல் இரைந்தது. தரையெல்லாம் ஏரிச் சேறு. ஆறேழு ஆண்பிள்ளைகள் சேர்ந்து அசைக்க முடியாத அந்த நங்கூரம் நெருப்பின் நடுவில் கிடந்தது, நாலு கொக்கியும் சிவந்து. அவள் அடித்து மறைத்த கோடுகள் தண்டில் பளிச்சென்று இருந்தன. வேப்பெண்ணெய் வாசனை மூக்கை அடைத்தது.

"இன்னும் இன்னாண்ணா?" என்று கேட்டாள். "அவன்தான் பூட்டானே."

பின்னால் திருவேங்கடம் வந்து நின்றிருந்தான். நங்கூரத்தைப் பார்த்தான். தகரச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தான்.

"நான் கவுத்தத் தொடவே இல்ல, கீதா," என்றான். "கங்காதான் கட்டினான். நான் திட்டு மேல நின்னுகினு இருந்தேன். அவ்ளோதான்."

அவள் அவனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"எல்லப்பன் என்னக் கூப்புட்டான். மாப்ள, மாப்ளன்னு கூப்புட்டான். நான் வேற பக்கம் திரும்பிகினேன். அந்தப் பாடு நமக்கு வந்தாத்தானே சோறு? உனக்கும் சேத்துத்தானே?"

எனக்கும் சேர்த்து. இத்தனை நாளும் அந்தச் சோற்றைத்தான் தின்றாள். இந்த மனுஷன் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். இவன் தோளில் சாய்ந்துதான் அண்ணனுக்காக அழுதாள். இவன் காய்ச்சலுக்கு நேற்றுக்கூடக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவனைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டலாம். ஏரிப் பக்கமே போகாதே, எங்காவது ஓடிப் பிழைத்துக்கொள் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லவும் ஒரு கணம் வாய் வந்தது.

ஊதுகுழல் இரைச்சல் சட்டென்று தணிந்தது. அவள் பதிலுக்காகக் காத்திருப்பது போல.

திருவேங்கடம் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"இருய்யா, போவாத," என்றாள் கீதா. "அண்ணன் உன்னப் பாக்கத்தான் வந்துகீது."

இடுக்கியை எடுத்து நங்கூரத்தின் தண்டைப் பிடித்தாள். காற்றைப் போல லேசாக இருந்தது. தூக்கித் தண்டவாளத்தின் மேல் வைத்து, நழுவாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்தில், ஆளில்லாத இருட்டில், சுத்தியல் மேலே எழுந்தது.