டீசல் வந்தும் ஓடாத வண்டி

"கிர்ர்ர்... கிர்ர்ர்..."

செல்ஃப் மோட்டார் சுற்றியது. கொட்டகையில் நின்ற டிராக்டரின் எஞ்சின் மட்டும் வாயே திறக்கவில்லை.

"மெக்கானிக்கை வரச் சொன்னா, மெக்கானிக்கோட பொண்ணை அனுப்பியிருக்காரு," என்று இருக்கையில் இருந்தவன் சிரித்தான்.

"பொண்ணும் மெக்கானிக்தான். டீசல் சுத்தமா தீர்ற வரைக்கும் ஓட்டினது நீங்கதானே? குழாய் பூரா காத்து புகுந்திருக்கு. அங்கேயே உக்காருங்க... நான் சொல்றப்ப சாவியைத் திருப்பினா போதும்."

அவன் வாய் அடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கண்கள்... அவை அடங்கவில்லையே! ஸ்பேனர் பிடித்த அவள் விரல்களையே சுற்றிச் சுற்றி வந்தன. 'அப்பா என்னைத் தனியா அனுப்பின முதல் வேலை இது. இவன் பார்த்தா எனக்கென்ன?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் ஒரே நட்டை இரண்டு தடவை கழற்றி மாட்டினாள்.

குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினாள். நுரை அடங்கி டீசல் சீராக வந்தது. "திருப்புங்க!"

கிர்ர்ர்... அவ்வளவுதான். பேட்டரி நன்றாக இருந்தது. ஃபில்டர் புதுசு. மறுபடி... மறுபடி... அவளுக்குத் தலை சுற்றியது.

போன் அடித்தது. கையெல்லாம் டீசல். மட்கார்டு மேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்னம்மா, முடியலையா? நான் வரேன். நாளையிலேர்ந்து நீ ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டர்லயே உக்காரு."

அப்பாவின் குரலில் கண் கலங்கியது. ஆனாலும் மூளை ஓடியது. பம்ப் வரைக்கும் டீசல் வருகிறது... அதைத் தாண்டவில்லை... அப்படியென்றால்...

விருட்டென்று நிமிர்ந்தாள். டீசலை அடைத்து எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப்பர், அவன் முழங்காலருகே, முழுதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது!

"இதை யாரு இழுத்தது?"

அவன் முகம் வெளிறியது. அவள் ஸ்டாப்பரை உள்ளே தள்ளி, எட்டிச் சாவியைத் திருப்பினாள். ஒரே உறுமல்... எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"என் பொழப்போட விளையாடிட்டீங்கள்ல?" குரல் உடைந்தது. ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அவன் குதித்து இறங்கி, இன்னும் இணைப்பிலிருந்த போனருகே குனிந்தான்.

"ஐயா... உங்க பொண்ணு வண்டியை எப்பவோ சரி பண்ணிட்டாங்க. ஸ்டாப்பரை நான்தான் இழுத்து வெச்சேன். ஓடிட்டா கிளம்பிடுவாங்களேன்னு... எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்குங்க."

கோபமா, வெட்கமா... முதலில் வந்தது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. போயும் போயும் அப்பாவிடமா சொல்வான், தடியன்!

போனில் அப்பா செருமினார்.

"கவுன்ட்டர் வேணாம்மா. நாளைக்கும் வேலைக்கு நீயே போ. இப்ப கிளம்பி வா."

அவள் அவனைப் பார்த்தாள். தப்பு செய்த முகத்தோடு தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"வரேம்பா... இங்க நல்ல மழை. கொஞ்சம் நேரமாகும்."

அவன் திகைத்து நிமிர்ந்தான். வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.