தேறிய பெட்டி

அக்கா வீட்டு மேசையில் அந்தக் கணினிப் பெட்டி ஓடத் தொடங்கி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதைக் கடக்கும்போது தங்கையின் முன்கை ரோமம் லேசாக எழுந்து, மறுபடி படிந்தது.

காற்று இல்லை. வெளியே மதிய மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்க, நனைந்த சுவரின் வாடையோடு புதுப் பெயின்ட் சூடாகும் வாடையும், வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது போன்ற மெல்லிய ரீங்காரமும் அறையில் தேங்கியிருந்தன. விரல் நுனியால் பெட்டியைத் தொட்டாள். எறும்பு ஊர்வதுபோல் கூசியது.

“கூசுதுல்ல?” அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். “உன் கம்பெனிப் பெட்டியாச்சே. உன்ன மாதிரியே யாரும் தொட்டா பிடிக்காது.”

“அணைச்சிடேன்க்கா.”

“நாலு மணிக்குள்ள இந்த மொழிபெயர்ப்ப அனுப்பணும்டி. ஏன், நீதானே பாதுகாப்புன்னு கையெழுத்துப் போட்ட?”

போட்டிருந்தாள். மின்சாரம் கசிந்தால் ஆளைத் தாக்காமல் எர்த் வயர் வழியே மண்ணுக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. சோதனைக்கு வந்த நான்கு பெட்டிகளில் மூன்று தேறவில்லை. நான்காவது தேறியது. எப்படி என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் லாரி நின்றது. நாலாயிரம் பெட்டிகள் போயின. அதில் ஒன்றைத் தங்கை பார்த்த பெட்டி என்ற பெருமையில் அக்கா கடையில் வாங்கி வந்துவிட்டாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும். அக்காவின் முகம் மாறும்.

கரண்ட் போனது. திரை கறுத்தது. ரீங்காரம் மட்டும் ஒரு நொடி தாமதித்து நின்றதுபோல் இருந்தது.

“நல்லதாப் போச்சு. தூசியத் துடைச்சிடறேன்.” அக்கா ஈரத்துணியை எடுத்தாள்.

“தொடாதக்கா! முதல்ல பிளக்கக் கழட்டறேன்.”

“கரண்டே இல்ல. எதுக்கு இப்படிப் பதறற?”

பிளக் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்துக் கையை நுழைத்தாள். தூசி. சுவர். வயர். மேலே, எட்டித் துடைப்பதற்காக அக்கா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் அரை அடி.

விளக்கு வந்தது.

அக்காவிடமிருந்து சத்தமே இல்லை.

தோளால் பீரோவை முட்டினாள். எட்டியது. பிடுங்கினாள். எழுந்தாள்.

பிளக் அவள் கையில் இருந்தது. ரீங்காரம் நிற்கவில்லை.

அக்காவின் ஒரு கை சன்னல் கம்பியில். ஒரு கை பெட்டியில். கண்கள் திறந்து இவளையே பார்த்தன. தலைமுடி ஒவ்வோர் இழையாக எழும்பியது.

“விடுக்கா. பிடுங்கிட்டேன்க்கா. விடு.”

விடவில்லை. ரீங்காரம் தணிந்தது. காது கொடுப்பதுபோல்.

“எர்த் ஸ்குரூவுக்கு அடியில பெயின்ட்டுக்கா. வயர் பெட்டியோட சேரவே இல்ல. சோதனையில தேறணும்னு ஒண்ணுல மட்டும் அந்தப் பெயின்ட்ட நான் பிளேடால சுரண்டிட்டேன். அந்த ஒண்ணுல மட்டும்தான்க்கா.”