சூடு ஆறாத பாதை

விடிவதற்கு முன்பே ஐஸ் வண்டியின் மணி கேட்டது.

கர்ட் மிதிப்பதை நிறுத்தாமல் காதைத் தீட்டிக்கொண்டான். பாலைவன ஊரான ஸ்காட்ஸ்டேலில் ஜூலை மாதத்து வெயில் ஏறுவதற்குள் சைக்கிள் ஓட்டி முடித்தால்தான் உண்டு. இருட்டோடு இருட்டாகப் பாதையில் ஆள் வருவது புதிதல்ல. ஆனால் குச்சி ஐஸ் வண்டியை இந்த நேரத்தில் யார் தள்ளிக்கொண்டு வருவார்கள்? புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சிக்சிக்கென்று சுற்றின, ஏரிக்கரையில் வாத்துகள் தூக்கத்தில் முனகின, ஈரப் புல்லின் வாசனையோடு அதற்கு அப்பாலிருந்த பாலைவனத்துப் புழுதி வாசனையும் கலந்து வந்தது, அத்தனைக்கும் நடுவே கைப்பிடியில் கோத்த சின்னச் சின்ன மணிகள் ஒரு கிழவரின் நடைக்கு ஏற்றபடி மெதுவாகக் குலுங்கிக்கொண்டு பின்னால் வந்தன. திரும்பிப் பார்த்தான். விளக்குக் கம்பங்களின் கீழே வெறும் கான்கிரீட் பாதைதான் கிடந்தது.

அந்த மணியை அவனுக்கு நன்றாகவே தெரியும். போன மாதம் அந்த வண்டியைக் கவிழ்த்தவனே அவன்தான்.

இந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவரைத் தாண்டும்போது, ‘இடது பக்கம்!’ என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் வலது ஓரம் ஒதுங்குவார், போகலாம். நேற்றுச் சைக்கிள் பழகிய குழந்தைகூட அதைச் சொல்லும். அன்றைக்குக் கர்ட் சொல்லவில்லை. ஏரியிலிருந்து சாலைக்கு அடியில் போகும் சுரங்கம் வரைக்கும் அதிவேகமாக ஓட்டியவர் என்ற பெருமை அவனோடு சைக்கிள் ஓட்டும் மார்லாவின் பெயரில் இருந்தது. அதைப் பறிப்பதற்காகவே, பாதை காலியாக இருக்கும் என்று, நாய்கூட வெளியே வராத உச்சிவெயிலைத் தேர்ந்தெடுத்திருந்தான். குரல் கொடுத்தால் மூச்சு வீணாகும். சுரங்கத்து வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த எலிசேயோ கிழவரை அவன் தோள் இடித்தது. வண்டி சாய்ந்தது, கிழவரும் சாய்ந்தார். கர்ட் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கிழவர் கான்கிரீட்டில் ஊன்றிய கையை வெடுக்கென்று எடுத்து, அவனை நோக்கி நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தான். அன்று மாலை கைப்பேசியில், சைக்கிள் வேகப் பட்டியலின் முதலிடத்தில் அவன் பெயர் ஏறியது. யாரும் பார்ப்பதற்குள் அதை அழித்துவிட்டான்.

மார்லா தீக்காயப் பிரிவில் தாதி. காப்பிக் கடையில் அவள்தான் மற்றதைச் சொன்னாள். கிழவர் இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாமல் சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தாராம்.

“அந்தக் கான்கிரீட்டுல முட்டையே பொரிக்கலாம், கர்ட். சதை ஒட்டிக்கிச்சு. ரெண்டு நாள்தான் உசிரோட இருந்தாரு.” பிறகு கோப்பைக்கு மேலே அவனை ஏறிட்டாள். “அந்த வெயில்ல பைத்தியம்தான் சைக்கிள் எடுக்கும். எனக்குத் தெரிஞ்சு ஊர்ல ஒரு பைத்தியம்தான் இருக்கு.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, “நான் அன்னைக்கு வீட்டை விட்டே வரல” என்றான், எந்த நாள் என்று அவள் சொல்வதற்கு முன்பே.

மார்லா சிரிக்கவில்லை. “அவரு மக தினமும் அந்தச் சுரங்கத்து வாசல்ல மெழுகுவத்தி ஏத்துறா. என்ன வேண்டிக்கிறான்னு கேட்டேன். ‘எங்கப்பாவுக்கு யாரும் வரல. சைக்கிள்ல இடிச்சவனுக்கும் யாரும் வரக்கூடாது’ங்கிறா.”

அதற்குப் பிறகு இன்றுதான் பாதைக்கு வந்திருக்கிறான். வராமலே இருந்தால் மார்லாவின் சந்தேகம் உறுதியாகிவிடும் என்ற பயம்தான் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தது.

“இடது பக்கம்.”

காதுக்குப் பக்கத்தில், வறண்ட தொண்டையிலிருந்து. பழக்க தோஷத்தில் கர்ட் வலது ஓரம் ஒதுங்கினான். யாரும் தாண்டவில்லை. காற்றுகூடத் தாண்டவில்லை. மணிகள் மட்டும் இப்போது நடையில் இல்லை, ஓட்டத்தில் இருந்தன.

“இடது பக்கம்.”

அவன் எழுந்து நின்று மிதித்தான். தொடை எரிந்தது. மணிகள் நெருங்கின. கிழவர் விற்ற குச்சி ஐஸின், மாம்பழமும் மிளகாய்த்தூளும் கலந்த தித்திப்பு வாடை மூக்கில் ஏறியது. சுரங்கத்து வாசலில் மெழுகுவர்த்தி ஒன்று ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டால் போதும். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வீடுகள், விளக்குகள், ஆட்கள்.

சக்கரத்தின் அடியில் ஏதோ பிசுபிசுத்தது. உருகிய ஐஸ். வாசல் முழுக்க. சக்கரம் ஒட்டியது. நின்றது.

அவன் பறந்து விழுந்தான்.

இடுப்பில் மடேரென்று ஒரு சத்தம். வலி வருவதற்கு முன்னால் சூடு வந்தது. சூரியன் இன்னும் எழவில்லை. புல் ஈரமாக இருந்தது. கான்கிரீட் கொதித்தது.

கையை ஊன்றினான். வெடுக்கென்று எடுத்தான்.

கை வந்தது. தோல் வரவில்லை.

கத்தினான். சுரங்கம் அதையே திருப்பிக் கத்தியது. யாரும் வரவில்லை. மணிகள் நின்றுபோயிருந்தன. தண்ணீர்க் குழாய்களும். வாத்துகளும்.

பிறகு ஒரு சத்தம். சங்கிலி ஓடும் சத்தம். சைக்கிள். வேகமாக. யாரோ வருகிறார்கள். ஐயோ, யாரோ வருகிறார்கள்.

“இங்க! இங்க இருக்கேன்!”

குரல் கொடுக்காமலே அந்தச் சைக்கிள் அவனை உரசித் தாண்டியது. கர்ட் தோலுரிந்த கையை நீட்டினான். ஓட்டியவன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

அவனுடைய தலைக்கவசம். அவனுடைய கண்ணாடி. அவனுடைய முகம்.

அந்த முகம் திரும்பிக்கொண்டது. மிதித்தது.

கிழக்கே வெளுத்தது. இனி வெயில் ஏறும், பாதை காலியாகும். அவன் தலைமாட்டில், மெதுவாக, யாரோ கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தும் சத்தம் கேட்டது.