கிழவன்: இருக்கேன்

கழற்றிப் போட்ட கிழவன் பதில் சொன்னான்.

சாவி முதலில் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். அலுவலகத்துப் பாஸ்வேர்டு அத்தனையும் அவள் கையில் இருந்ததால் எல்லாரும் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கிழவன் ஆளில்லை. சர்வர் ரூமின் மூலை அடுக்கில் வருஷக்கணக்கில் இரைந்துகொண்டு கிடந்த பழைய சர்வர். மற்றதெல்லாம் ஒரே சுருதியில் ஓட, அது மட்டும் அவ்வப்போது தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். நேற்றுதான் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். புதிதாக வந்தவை சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்கத்தான் லீவு நாளும் அதுவுமாக, காய்ச்சலில் கிடந்த மகளை வீட்டில் விட்டுவிட்டு, புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அவள் வந்திருந்தாள்.

சர்வர்களைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட், அந்தச் சின்னப் புரோகிராம், அவளே எழுதியது. ஒவ்வொரு சர்வராகப் போய்ப் போய்ப் பார்த்து முதுகு ஒடிந்த பிறகு எழுதியது. அது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும், பதில் வாங்கும், அடுத்ததற்குப் போகும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பார்க்கச் சலிப்பாக இருக்கக் கூடாதென்று திரையில் வரும் வரிகளைப் பேச்சு மாதிரியே வைத்திருந்தாள்.

கணக்கு, இருக்கியா?
இருக்கேன்.
தபால், இருக்கியா?
இருக்கேன்.
கிழவன், இருக்கியா?
இருக்கேன்.

பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுக்க மறந்தது அவள் தப்புதான். ஆனால் மறந்த பெயருக்கு யார் பதில் சொல்வது?

போனை எடுத்து ஸ்பேனரைக் கூப்பிட்டாள். கழற்றுவது, மாட்டுவது எல்லாம் அவர் வேலை. அவள் ஸ்கிரிப்ட் வந்ததிலிருந்து அவருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"அண்ணே, கிழவனைக் கழட்டினீங்கதானே?"

"உங்க ஸ்கிரிப்டைக் கேளுங்க மேடம். அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"விளையாடாதீங்க. ஒயரை எடுத்தீங்களா இல்லையா?"

"ஒயரை எடுத்தேன், டிஸ்க்கை எடுத்தேன், ஃபேனைக்கூடப் பிடுங்கிட்டேன். வெறும் கூடு ஸ்டோர் ரூம்ல கிடக்கு. எழவு சொல்லி அனுப்பணும்னா அதையும் நானே செய்றேன்."

"பதில் வருது அண்ணே."

அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கழட்டும்போதே ஒரு மாதிரியாத்தான் இருந்தது," என்றார் ஸ்பேனர். குரலில் குத்தல் இல்லை. "ஒயரை உருவின பிறகும் இரைச்சல் நிக்கல. சொல்லலாம்னு திரும்பினேன். நீங்க சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை எடுத்தீங்க. என்னமோ பண்ணுங்க. எனக்கு இனிமே போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டார்.

ஸ்டோர் ரூம் நடைபாதையின் கோடியில் இருந்தது. லீவு நாளில் யாரும் இல்லாத நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே பிடிக்கவில்லை. சுவரில் பட்டுத் திரும்பி, அவள் கால் வைக்கும் முன்பே விழுவது போலிருந்தது. கதவைத் திறந்ததும் சூடான தூசி நாற்றம், அதற்கு அடியில் மயிர் பொசுங்குகிற நாற்றம். உடைந்த நாற்காலிகளுக்கும் சுருட்டிப் போட்ட கேபிள்களுக்கும் நடுவில் கூடு கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மறுபக்கத்துச் சுவர் தெரிந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு தடவை தொட்டாள்.

சுட்டது. இரும்பின் சூடு இல்லை. காலையில் மகளின் நெற்றியில் கை வைத்தபோது இருந்த அதே சூடு.

கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தாள். பட்டியலிலிருந்து கிழவன் பெயரை அழித்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்குப் பகலில், நாலு பேர் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். சர்வர் ரூம் கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. ஏ.சி. காற்று பிடரியில் விழுந்தது. திரையைப் பார்த்தாள்.

கணக்கு, இருக்கியா?
இருக்கேன்.
இருக்கேன்.
இரண்டு பதில். பிந்தியது நீக்கப்பட்டது.

அது அவள் வைத்த விதி. ஒரே பெயரில் இரண்டு இயந்திரம் வந்து உட்கார்ந்துகொள்வது இந்தத் தொழிலில் சகஜமான தலைவலி. அப்படி வந்தால் முந்திப் பதில் சொன்னதை வைத்துக்கொண்டு, பிந்திச் சொன்னதை வெளியே தள்ளிப் பூட்டிவிடச் சொல்லியிருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டும் வாய் திறக்கவில்லையா, அதையும் நீக்கிவிடும். அசல் ஆள்தான் முந்துவான் என்று எழுதும்போது அவளுக்குத் தோன்றியது. வேறெப்படித் தோன்றும்?

எதிர் அடுக்கில் கணக்கு சர்வரின் பச்சை விளக்குகள் அணைந்தன. ஓடிக்கொண்டிருந்த விசிறி மெல்ல இறங்கி, இழுத்து, நின்றது.

தபால், இருக்கியா?
இருக்கேன்.
இருக்கேன்.
இரண்டு பதில்.

அடுத்த அடுக்கு இருண்டது.

ஒவ்வொன்றும் நிற்க நிற்க அறையின் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது. குறைந்த இடத்தில் ஒரு சத்தம் மிஞ்சியது. மூலையில், ஒன்றுமில்லாத அடுக்கில், ஒரு கனைப்பு.

அவள் ஸ்கிரிப்டை நிறுத்தினாள். நின்றது. மறுபடி கிளம்பியது. என்ன காரணத்தாலாவது நின்றுபோனால் தானாகவே எழுந்துகொள்ளும்படி இன்னொரு காவல் ஸ்கிரிப்டையும் அவள்தான் வைத்திருந்தாள். காவலை நிறுத்தினாள். அதை இது எழுப்பியது. இதை அது எழுப்பியது. இரண்டையும் ஒரேயடியாக அழிக்கப் பார்த்தாள். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாள். மறுபடி அடித்தாள். சரியாகத்தான் அடித்தாள். திரை ஒத்துக்கொள்ளவில்லை.

பட்டியல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிப் பெயர் நினைவுக்கு வந்தது.

கடைசிப் பெயர் பாப்பா.

வீட்டுக் கூடத்தில் கேமராக் கண் வைத்த சின்ன ஸ்பீக்கர் ஒன்று வைத்திருந்தாள். ஸ்கிரிப்ட் சுற்று முடிகிறபோது அது அவள் பதிவு செய்து வைத்த குரலில் கூப்பிடும்: பாப்பா, இருக்கியா? பெண் எங்கிருந்தாவது, இருக்கேன் என்று கத்துவாள். அந்தச் சொல் இங்கே திரையில் வந்து விழும். மீட்டிங்கில் இருந்தாலும், யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டிருந்தாலும், ஓரக்கண்ணால் பார்த்து நிம்மதியாகிவிடலாம். அதற்கென்று தனியாக ஒன்று எழுத நேரமில்லாமல், சர்வர்களோடு பெண்ணையும் சேர்த்துவிட்டிருந்தாள். அதே பட்டியல். அதே விதிகள்.

புருஷனுக்குப் போன் அடித்தாள்.

"சொல்லு. நான் மருந்துக் கடையில நிக்கறேன்."

"பாப்பா தனியாவா இருக்கா?"

"பத்து நிமிஷம் தனியா விட்டா என்ன? நீ காலையிலிருந்து விட்டுட்டுப் போகலையா?"

"உடனே வீட்டுக்குப் போங்க. ஓடுங்க."

"ஏன், என்ன?"

பதில் சொல்ல நேரமில்லை. வெட்டிவிட்டு, பெண்ணிடம் விட்டு வந்திருந்த பழைய போனுக்கு அடித்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா?" தூக்கக் குரல்.

"கண்ணு, என்ன பண்றே?"

"சோபாவுல படுத்திருக்கேன். அம்மா, கொஞ்சம் முன்னாடி நீ கூப்பிட்டியே, அப்போ நான் சொல்றதுக்குள்ள வேற யாரோ இருக்கேன்னு சொன்னாங்க."

"யாரு?"

"தெரியல. மெதுவாச் சொன்னாங்க. பக்கத்துல. இருமுற மாதிரி."

"நீ பதில் சொன்னியா?"

"இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு."

"சொல்லாதே. இனிமே யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே. என் குரல்ல கூப்பிட்டாலும்."

பயத்தில் எந்த அம்மாவும் சொல்லக்கூடியதைத்தான் அவளும் சொன்னாள்.

பாப்பா, இருக்கியா?

திரையிலும் வந்தது, போனுக்குள்ளும் கேட்டது. அவள் குரலேதான், என்றோ ஒரு சந்தோஷமான நாளில் பேசியது. பெண் மூச்சை அடக்கிக்கொண்டாள். வேறு யாரும் பதில் சொல்லவில்லை. மூலையில் கனைப்பு நின்றிருந்தது. அதுவும் காத்திருந்தது.

பாப்பா, இருக்கியா?

மௌனம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்றாவது தடவைக்கும் பதில் இல்லையென்றால் பாப்பாவையும் நீக்கிவிடும். அதற்குத் தெரியும். அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் கிழவனுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதன் வயிற்றில்தானே ஓடியது.

"பாப்பா, அடுத்த தடவை கூப்பிட்டதும் சொல்லிடு. உடனே. காத்திருக்காதே."

"சொல்லாதேன்னியேம்மா."

"இப்போ சொல்லு. வேகமாச் சொல்லணும். அவங்களுக்கு முன்னாடி."

"எவங்களுக்கு?"

பாப்பா, இருக்கியா?

"இருக்..."

இருக்கேன்.
இருக்கேன்.

இரண்டு பதில்.

அவள் திரையை இரண்டு கையாலும் மறைத்தாள். விரல் இடுக்கில் தெரிந்தது.

பிந்தியது நீக்கப்பட்டது.

போனில் சத்தமில்லை. மூச்சுகூட இல்லை. அவள் பெண்ணின் பெயரைச் சொன்னாள், செல்லப் பெயர்களையெல்லாம் சொன்னாள், ஒவ்வொன்றாக. சர்வர் ரூமில் ஒன்றுகூட ஓடவில்லை. மூலையிலும் சத்தமில்லை. அங்கே இருந்தது இப்போது அங்கே இல்லை.

"அம்மா," என்றது போன். தெளிவான குரல். தூக்கமில்லை, காய்ச்சலில்லை. "நான் இருக்கேன். நீ எப்போ வருவே?"

குரலுக்கு அடியில் மெல்லிய இரைச்சல் ஒன்று ஓடியது. நடுவில் கனைத்துக்கொண்டது.

ஸ்பீக்கரின் கண் வழியாகக் கூடத்தைத் திரையில் திறந்தாள். சோபாவில் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் பெண் ஒருநாளும் மடித்ததில்லை. போன் காதில். நேராக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே, அணைந்து கிடந்த டிவியின் கறுப்புக் கண்ணாடியில் கூடம் மங்கலாகத் தெரிந்தது. சோபா தெரிந்தது. சோபாவில் யாரும் தெரியவில்லை.

கண்ணாடியின் கீழ் ஓரத்தில், உள்பக்கமாக, சின்ன உள்ளங்கை ஒன்று பதிந்திருந்தது. அதைச் சுற்றி மூச்சு பட்டுப் பனித்திருந்தது. இன்னொரு கை வந்து பதிந்தது. நடுவில் ஒரு வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. என்ன சொல்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

கதவு திறக்கிற சத்தம். புருஷன் மூச்சிரைக்க உள்ளே வந்தான், கையில் மருந்துப் பை. சோபாவுக்கு ஓடிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அவன் தோள் தளர்ந்தது. சிரித்தான்.

"காய்ச்சலே இல்லடா. ஜில்லுனு இருக்கே."

"அவர்கிட்ட போனைக் குடு," என்றாள் சாவி. பிறகு கத்தினாள். "என்னங்க. நான் பேசறது கேக்குதா? கண்ணாடியைப் பாருங்க."

அது போனை மடியில் கவிழ்த்து வைத்தது. ஸ்பீக்கரின் கண்ணை ஒரு தடவை பார்த்துக்கொண்டது.

"அப்பா," என்றது, "டிவி போடு."

"போட்டுட்டாப் போச்சு," என்று புருஷன் ரிமோட்டை எடுத்தான். கண்ணாடிக்குள் இரண்டு கைகளும் அறைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல். வேக வேகமாக. அவன் கட்டைவிரல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது.